கடின விசைக் கைத்துப்பாக்கி: புனேயில் உடைமையும் பயிற்சியும்

கடின விசைக் கைத்துப்பாக்கி என்பது சுடுவதற்கு விசையை (ட்ரிகரை) அதிக வலுவுடன் இழுக்க வேண்டியிருக்கும் பிஸ்டலையோ ரிவால்வரையோ குறிக்கும். இந்தியாவில் உரிமம் பெற்ற பொதுமக்களுக்கு எட்டும் விலையில் கிடைப்பவை பெரும்பாலும் அரசுத் தளவாடத் தொழிற்சாலைகளின் .32 காலிபர் கைத்துப்பாக்கிகள். அவற்றின் விசை கடினம் என்பது உரிமையாளர்களின் பொதுவான அனுபவம். மகாராஷ்டிரத்தின் புனே நகரில் தோட்டாத் தொழிற்சாலை, ஆயுத ஆராய்ச்சி நிறுவனம், சர்வதேசத் தரமுள்ள சுடுதளம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. அதனால் இந்தப் பொருளின் பல பக்கங்களை ஒரே ஊரில் காணலாம்.

விசை இழுப்பு எடை

குண்டு வெளியேறும் அளவுக்கு விசையைப் பின்னுக்கு இழுக்கத் தேவைப்படும் வலுவின் அளவை இழுப்பு எடை என்பர். கிராமிலோ பவுண்டிலோ குறிப்பர். இரட்டைச் செயல் ரிவால்வரில் ஒரே இழுப்பு மூன்று வேலைகளைச் செய்கிறது: சுழல் உருளையை அடுத்த தோட்டாவுக்குத் திருப்புகிறது, சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி முதன்மைச் சுருள்வில்லை இறுக்குகிறது, கடைசியில் சுத்தியலை விடுவிக்கிறது. இதற்குப் பொதுவாக 4.5 முதல் 5.5 கிலோ வரை தேவைப்படும். சுத்தியலைக் கட்டைவிரலால் முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால் விசைக்கு மிஞ்சுவது விடுவிக்கும் வேலை மட்டுமே. இதுவே ஒற்றைச் செயல்; இதில் எடை ஏறத்தாழ 2 கிலோவாகக் குறைகிறது.

எடை கூடுவதற்குக் காரணங்கள் பல. தோட்டாவின் அடிப்பகுதியிலுள்ள வெடிமூட்டி ஒருமுறையும் தவறாமல் பற்ற வேண்டும் என்பதற்காக வலுவான சுருள்வில் பொருத்தப்படுகிறது. சுத்தியலைப் பிடித்து நிற்கும் கொக்கியும் அது பதியும் வெட்டும் ஆழமாகப் பொருந்தினால் பாதுகாப்பு கூடும், இழுப்பும் கூடும். உராயும் பரப்புகள் கையால் மெருகேற்றப்படாமல் இயந்திர வெட்டோடு விடப்படுவதுதான் விலை மலிந்த துப்பாக்கிகளில் இழுப்பு கனப்பதற்கு முக்கியக் காரணம். நல்ல மெருகு என்றால் தேர்ந்த கைவினைஞரின் நேரம். அந்த நேரத்துக்கு விலை உண்டு.

எடையைப் போலவே இழுப்பின் தன்மையும் முக்கியம். சீராகச் செல்லும் 5 கிலோ இழுப்பைப் பழகிக்கொள்ளலாம். இடையில் தட்டித் தடங்கி நகரும் 3 கிலோ இழுப்பு அதைவிடத் தொல்லை தரும்.

குறியின் மீது விளைவு

ஏறத்தாழ 700 கிராம் எடையுள்ள ரிவால்வரின் விசையை 5 கிலோ வலுவுடன் இழுப்பது, ஐந்து கிலோ அரிசிப் பையை ஒற்றை விரலால் தூக்கியபடி கையை ஆடாமல் வைத்திருப்பதற்குச் சமம். துப்பாக்கியின் எடையைப் போல ஏழு மடங்கு வலு அதன் மீது செயல்படுகிறது. வலக்கைக்காரர் விரலோடு சேர்த்து உள்ளங்கையையும் இறுக்கினால் குழல்முனை கீழும் இடமுமாகச் சாய்கிறது. குழல் ஒரு பாகை சாய்ந்தால் 10 மீட்டர் தொலைவில் குண்டு 17 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 10 சென்டிமீட்டர் தூரமே உள்ள குறுங்குழல் துப்பாக்கியில், முன்குறி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அதே தொலைவில் 10 சென்டிமீட்டர் பிழை வரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பதற்றத்தில் விரல் தவறி விசையில் பட்டாலும் கடின விசைத் துப்பாக்கி எளிதில் வெடிக்காது. நியூயார்க் நகரக் காவல்துறை இக்காரணத்துக்காகவே தன் பிஸ்டல்களில் 12 பவுண்டு, அதாவது சுமார் 5.4 கிலோ, விசையை வைத்திருந்தது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தருகே கொலையாளி ஒருவரை நோக்கி அந்நகரக் காவலர்கள் சுட்டபோது வழிப்போக்கர்கள் ஒன்பது பேர் காயமடைந்தனர். கடின விசை குறியைக் கெடுக்கிறதா என்ற விவாதம் அதையொட்டி மீண்டும் எழுந்தது. தற்செயல் வெடிப்பைத் தடுப்பதா, குறியைக் காப்பதா என்ற இழுபறிக்கு எந்த நாட்டிலும் இறுதி விடை கிடைக்கவில்லை.

இந்தியச் சந்தை

1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமத்தைக் கட்டாயமாக்கியது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. விடுதலைக்குப் பின் அதன் இடத்தில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. 9 மி.மீ. பிஸ்டல் தடைசெய்யப்பட்ட வகையில் சேர்க்கப்பட்டதால், இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை பிரௌனிங் வடிவமைப்பில் தயாரிக்கும் 9 மி.மீ. பிஸ்டல் படைகளுக்கும் காவல்துறைக்கும் மட்டுமே உரியது. பொதுமக்களுக்கு .32, .22 போன்ற காலிபர்கள் எஞ்சின.

1980களின் நடுப்பகுதியில் தனிநபர் இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதற்கு முன் வந்த வெளிநாட்டுப் பிஸ்டல்கள் கைமாறும்போது இன்று பல லட்சம் ரூபாய் பெறுகின்றன. அந்த விலை கொடுக்க முடியாதவர்களுக்கு அரசுத் தொழிற்சாலைத் துப்பாக்கியே வழி. கான்பூரில் உருவான .32 ரிவால்வர், நடுவில் மடிந்து திறக்கும் பழைய பிரிட்டிஷ் வெப்லி வடிவமைப்பைத் தழுவியது. ஆறு தோட்டாக்கள் கொள்ளும். 7.65 மி.மீ. தானியங்கிப் பிஸ்டல் 'அஷானி' என்ற பெயரில் விற்கப்படுகிறது. பெண்களின் தற்காப்புக்கென 2014 ஜனவரியில் அறிமுகமான 'நிர்பீக்' ரிவால்வர் டைட்டானியக் கலவையால் ஆனது. எடை 500 கிராம், அன்றைய விலை 1,22,360 ரூபாய். எடை குறைந்த 'நிடர்' என்ற .22 ரிவால்வர் அதைவிட மிக மலிவு.

2021 அக்டோபர் 1 அன்று தளவாடத் தொழிற்சாலை வாரியம் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. துப்பாக்கித் தொழிற்சாலைகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் வந்தன. 1966இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அவற்றுள் ஒன்று. வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் .32 ரிவால்வர் தயாரிக்கத் தொடங்கியதும் போட்டி சற்றே துளிர்த்தது. அதற்கு முன், வாங்குபவருக்குத் தேர்வே இல்லாத சந்தையில் விசையை மெருகேற்றும் கட்டாயம் உற்பத்தியாளருக்கு நீண்ட காலம் ஏற்படவில்லை. இந்தியத் துப்பாக்கியின் கடின விசைக்குப் பொறியியலோடு இந்தச் சந்தை வரலாறும் காரணம்.

புனேயின் இடம்

புனேயின் கட்கி பகுதியில் 1869இல் நிறுவப்பட்ட தோட்டாத் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. கட்கியின் பழைய ஆங்கிலப் பெயரான கிர்க்கியைக் குறிக்கும் 'கே.எஃப்.' முத்திரை, இந்தியத் துப்பாக்கி உரிமையாளர் எவருக்கும் தெரிந்த ஒன்று; .32 தோட்டாக்களின் அடியிலும் அதைக் காணலாம். 2021 பிரிப்பில் தோட்டா, வெடிமருந்துத் தொழிற்சாலைகளை ஏற்ற மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் தலைமையகமும் புனேயில்தான் உள்ளது. பாஷாண் பகுதியிலுள்ள ஆயுத ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் 1958 முதல் செயல்படுகிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட 'அஸ்மி' இயந்திரப் பிஸ்டலை மாவ் காலாட்படைப் பள்ளியோடு இணைந்து உருவாக்கியது இந்நிறுவனமே.

1994 தேசிய விளையாட்டுகளுக்காக மாளுங்கே-பாலேவாடியில் எழுந்த சிவ் சத்ரபதி விளையாட்டு வளாகத்தின் சுடுதளம், 2008 காமன்வெல்த் இளையோர் போட்டிகளுக்கும் களமானது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே இங்கே பயின்றவர். மகாராஷ்டிரத்தின் கொல்ஹாப்பூரைச் சேர்ந்த ராஹி சர்னோபத் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 25 மீட்டர் பிஸ்டலில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுத் துப்பாக்கிச் சுடுதலில் தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

25 மீட்டர் பிஸ்டலின் விசை 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு அந்த வரம்பு 500 கிராம். தற்காப்பு ரிவால்வரின் இரட்டைச் செயல் விசை இந்த வரம்புகளைப் போல ஏறத்தாழ ஐந்து முதல் பத்து மடங்கு கனமானது. போட்டிப் பிஸ்டல்கள், அங்கீகாரம் பெற்ற வீரர்களுக்கென உள்ள தனி விதிகளின்படி வெளிநாட்டிலிருந்து வருபவை. அவற்றோடு உள்நாட்டு ரிவால்வரை ஒப்பிட்டு ஏமாற்றமடைவது நியாயமாகாது. இரண்டின் பயனும் வேறு.

உரிமமும் பொறுப்பும்

புனே நகரிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வாட் பகுதியிலும் அந்தந்தக் காவல் ஆணையரும், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல்துறை விசாரணை அறிக்கை தேவை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியை வலியுறுத்துகின்றன. 2019 திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டியது. திருமண ஊர்வலத்திலோ விழாவிலோ ஆரவாரத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தேர்தல் காலத்தில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம்.

மலிவு என்ற சொல்லுக்கு இன்னொரு கொடிய முகமும் உண்டு. மராத்தியில் 'கட்டா' எனப்படும் கள்ளத் துப்பாக்கிகள் புனே குற்ற வழக்குகளில் அடிக்கடி பிடிபடுகின்றன. மத்தியப் பிரதேசத்தின் பர்வானி மாவட்டத்திலுள்ள உமர்ட்டி கிராமம் அவற்றின் ஊற்றுகளில் ஒன்று. தரச் சோதனை இல்லாத குழலும் விசையும் சுடுபவரையே கொல்லக் கூடியவை. உரிமமின்றி வைத்திருந்தாலே இரண்டு முதல் ஐந்து ஆண்டுச் சிறை. தயாரிப்போருக்கும் விற்போருக்கும் ஏழாண்டு முதல் ஆயுள் வரை தண்டனை உண்டு.

விசையைப் பழகுதல்

கடின விசையைத் தளர்த்த எண்ணிச் சுருள்வில்லை வெட்டுவதும் கொக்கியை அரத்தால் தேய்ப்பதும் பேராபத்து. வில் தளர்ந்தால் தேவையான நேரத்தில் தோட்டா வெடிக்காமல் போகலாம். கொக்கி தேய்ந்தால் துப்பாக்கி கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடும். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் உரிமம் பெற்ற தொழிலாளர் மட்டுமே செய்யச் சட்டம் இடமளிக்கிறது.

பயிற்சியாளர்கள் கற்றுத்தரும் வழிகள் வேறு. முதலாவது வெற்றுப் பயிற்சி: தோட்டாக்களை வேறு அறைக்குக் கொண்டு சென்றபின், சுழல் உருளையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் சோதித்து, போலித் தோட்டாக்களை இட்டு, பாதுகாப்பான சுவரை நோக்கி விசையைச் சீராக இழுத்துப் பழகுதல். இழுப்பின் தொடக்கம் முதல் முடிவு வரை முன்குறி அசையாமல் இருக்கிறதா என்பதே தேர்வு. இரண்டாவது, விரல் நுனிக்குப் பதில் முதல் மடிப்பருகே விசையை வைத்து நேர் பின்னாக இழுத்தல். மூன்றாவது, இரு கைப்பிடி. நான்காவது, உரிமம் பெற்ற சுடுதளத்தில் ஒழுங்காகச் சுட்டுப் பழகுதல். உள்ளிருக்கும் பாகங்களில் தூசியும் உறைந்த எண்ணெயும் படிந்தாலும் இழுப்பு கனக்கும். முறையான துப்புரவு அதைக் குறைக்கும்.

வாங்க விரும்புவோர் விலைப்பட்டியலோடு நின்றுவிடாமல், துப்பாக்கி காலியென்று உறுதிசெய்த பின் கடைக்காரரின் அனுமதியோடு விசையை இரட்டைச் செயல், ஒற்றைச் செயல் ஆகிய இரு முறைகளிலும் இழுத்துப் பார்க்க வேண்டும். இழுக்க முடியாதபடி கனத்தால் அந்தத் துப்பாக்கி அவர் கைக்கு உரியதன்று. தொடர்ந்து பயிற்சி எடுக்க மனமில்லாதவர் எந்த விலையிலும் கைத்துப்பாக்கி வாங்காதிருப்பதே அவருக்கும் அவர் வீட்டாருக்கும் நல்லது.