எல்லா நோயாளியும் ஒரே மாதிரி தெரிந்த கதை

ஒரே மாத்திரை, ஒரே அளவு. ஒருத்தருக்கு இதயம் சீராகுது. இன்னொருத்தருக்கு வாந்தி, துடிப்பு தாறுமாறு. டிகாக்ஸின் எழுதும் எந்த டாக்டருக்கும் இது பழக்கமான காட்சி.

இந்த ஆளுக்கு ஆள் வித்தியாசத்தை எப்படி அளப்பது?

பழைய வழி இது: ஆரோக்கியமான சில இளைஞர்களைப் படுக்க வைத்து, திரும்பத் திரும்ப ரத்தம் எடுப்பாங்க. ஆனா மருந்தைச் சாப்பிடப் போறது கிட்னி தளர்ந்த 70 வயசுப் பாட்டி ஆச்சே!

சான் பிரான்சிஸ்கோவில் லூயிஸ் ஷைனர் என்ற மருத்துவர் வேறு வழி யோசித்தார். 1977-ல் அவரும் சகாக்களும் டிகாக்ஸினை வைத்தே காட்டினாங்க: வார்டில் வழக்கமா எடுக்கிற சாம்பிளே போதும். ஆளுக்கு ஒண்ணு ரெண்டுதான் இருந்தாலும், எல்லாரையும் சேர்த்தே கணக்குப் போடலாம். 1980-ல் ஸ்டூவர்ட் பீலுடன் சேர்ந்து இதற்கென 'நான்மெம்' என்ற மென்பொருளை அறிமுகப்படுத்தினார்.

கணக்கு இதுதான். முதலில் கூட்டத்தின் சராசரி. அதிலிருந்து ஒவ்வொருத்தரும் எவ்வளவு விலகுறாங்க என்பது 'ரேண்டம் எஃபெக்ட்'. இவை போக மிஞ்சும் பிசிறு தனி.

1985-ல் கிராசெலா, டான் இருவரும் 59 குறைமாதக் குழந்தைகளுக்கு ஃபீனோபார்பிட்டால் கணக்கை இப்படித்தான் போட்டாங்க. மொத்தமே 155 ரத்த அளவுகள். ஒரு கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 100 மில்லிதான், யோசிச்சுப் பாருங்க. இந்த முறை இல்லாட்டி அந்த ஆய்வே நடந்திருக்காது.

சிக்கல் பிறகு வந்தது. ஒரே ஆளே இன்னிக்கு ஒரு மாதிரி, அடுத்த வாரம் வேற மாதிரி. இதைக் கணக்கில் விட்டால் மற்ற எண்களும் பிசகும் என்று 1993-ல் கார்ல்சனும் ஷைனரும் காட்டினாங்க.

அதைவிட நயவஞ்சகமானது 'ஷ்ரிங்கேஜ்'.

ஒரே ஒரு டெஸ்ட் எழுதின பையனுக்கு, வகுப்புச் சராசரியை ஒட்டியே மார்க் போடும் வாத்தியாரை நினைச்சுக்கோங்க. மாடலும் அப்படித்தான். ஒரு நோயாளியைப் பற்றித் தகவல் குறைவா இருந்தா, அவரைச் சராசரிப் பக்கம் இழுத்துடும். படம் வரைந்தால் எல்லாரும் ஒரே மாதிரி! கிட்னி பழுதானவரும் நல்லா இருக்கிறவரும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க. 'கிட்னிக்கும் இந்த மருந்துக்கும் சம்பந்தமில்லை, டோஸைக் குறைக்க வேண்டாம்'னு ஒருத்தர் முடிவெடுத்தா, நஞ்சாகப் போவது அந்தப் பாட்டியின் ரத்தத்தில்.

நமக்குத் தகவல் இல்லாததை, வித்தியாசமே இல்லைனு படிச்சுட்டோம். சோதிக்க வரைந்த படமே ஏமாத்துது.

2009-ல் உப்சாலாவின் சாவிச், கார்ல்சன் இருவரும் இதை விரிவா எழுதினாங்க. ஷ்ரிங்கேஜ் 20-30 சதவீதம் தாண்டினாலே இந்தப் படங்களை நம்ப முடியாது. உண்மையான தொடர்பு மறையலாம், இல்லாத தொடர்பு முளைக்கலாம், இருக்கும் தொடர்பின் வடிவமே மாறலாம். (மூணாவதுதான் எனக்குப் பயம், பார்க்க ரொம்ப நம்பகமா இருக்கும்.)

அப்போ என்ன வழி? தனி ஆள் மதிப்பீட்டை வைத்துப் படம் வரைவதோடு நிக்காம, கிட்னி செயல்பாட்டை மாடலுக்குள்ளேயே சேர்த்துப் பார்க்கணும். பிறகு அந்த மாடலை வைத்தே ஆயிரம் கற்பனை ஆய்வுகளை உருவாக்கி, நிஜ ரத்த அளவுகளை அதன் மேல் வைத்துப் பார்க்கணும். இரண்டின் பரவலும் பொருந்தலைனா, மாடல் மறுபடி வொர்க்ஷாப்புக்கு.