காய்ச்சல் வென்ற தீவும் காலம் தாழ்ந்து வந்த பட்டமும்

1750களின் நடுவில் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்ட டேனியர்கள் பெரிய நிக்கோபாரில் ஒரு குடியேற்றத்தைத் தொடங்கினர். 1756இல் தீவுக்கூட்டம் முழுவதற்கும் தம் அரசர் ஐந்தாம் பிரெடரிக்கின் பெயரைச் சூட்டினர். பெயர் நிலைத்த அளவுக்கு ஆட்கள் நிலைக்கவில்லை. 1759இல் தீவுகளைக் கைவிட்டனர். 1768இல் திரும்பி வந்தனர். 1787இல் மீண்டும் வெளியேறினர். இப்படி வருவதும் போவதுமாக ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது. அவர்களைத் துரத்தியது எதிரிப்படையன்று, மலேரியா. 1869இல் தீவுகள் ஆங்கிலேயர் வசமாயின. கொசுவுக்கும் மலேரியாவுக்குமான தொடர்பை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்ததோ 1897இல்தான்.

டேனியரிடம் மருத்துவம் இருந்தது. ஆனால் எங்கே குடியமர்வது, எந்த நீர்நிலை ஆபத்தானது, யாருக்கு எப்போது நோய் வருகிறது என்னும் கேள்விகள் நோயாளியின் படுக்கையருகே விடை கிடைப்பவை அல்ல. அவற்றுக்கென ஒரு தனிப்படிப்பு இந்தியாவில் உருவாக நெடுங்காலம் ஆயிற்று. 1932இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் கல்கத்தாவில் அகில இந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனம் தோன்றியது. சென்னை மாகாணம் 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. அதன் வழிவந்த தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத் துறை இன்றளவும் தனி இயக்ககமாக நீடிக்கிறது. எனினும், அக்காலப் பொதுச் சுகாதாரப் பட்டயம் மருத்துவர்களுக்கு உரியதாகவே இருந்தது. செவிலியருக்கோ புள்ளியியல், சமூகவியல் பயின்றோருக்கோ அதில் இடமில்லை. இந்த அடைப்பு நோய்களைவிடத் தொழில்களின் எல்லைகளைக் காப்பதிலேயே அதிகம் பயன்பட்டது எனலாம்.

1997இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் எம்.பி.எச். எனும் முதுநிலைப் பட்டத்தைத் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001இல் களப்பயிற்சியை மையமாகக் கொண்ட முதுநிலைப் படிப்பையும், 2008இல் எம்.பி.எச். பட்டத்தையும் தொடங்கியது. மருத்துவர் அல்லாதோருக்கும் கதவு மெல்லத் திறந்தது.

கேம்பல் பே என்னும் ஊர் இந்தப் பட்டத்தைவிடச் சற்றே மூத்தது. 1969 முதல் முன்னாள் படைவீரர்களின் குடும்பங்கள் முந்நூற்றுக்கும் மேல் அங்குக் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கரையைச் சிதைத்தது; தீவின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. உவர்நீர் புகுந்த நிலம் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் சுண்டைக்கஸ் கொசுவுக்கு உவந்த இடம். புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தினர் 2005இலேயே தெற்கு அந்தமானில் இந்த ஆபத்தை ஆராய்ந்தனர். வடக்கே நான்கவுரித் தீவுகளில் வேறொரு புதிர்: அங்கு யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு பகலில் காட்டோரத்தில் கடிப்பது. இரவில் கட்டும் கொசுவலை அதற்கு எதிராக என்ன செய்யும்? அங்கே மருந்து கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தனர். பாடநூலை அப்படியே கொண்டுபோய் இறக்க முடியாத இடம் நிக்கோபார்.

ஆகவே கேம்பல் பேயில் வளர்ந்த ஒரு செவிலியோ அறிவியல் பட்டதாரியோ எம்.பி.எச். படிக்கலாமா என யோசிக்கும்போது, அது வெறும் கல்லூரித் தேர்வாக முடிவதில்லை. படிக்கக் கடல் கடக்க வேண்டும். படித்தபின் பதவி உறுதியும் இல்லை. 2017 தேசியச் சுகாதாரக் கொள்கை மாநிலந்தோறும் பொதுச் சுகாதார மேலாண்மைப் பணித்தொகுதி வேண்டும் என்றது; 2022இல் நடுவண் அமைச்சகம் அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆனால் வழிகாட்டுதல் வேறு, பணியிடம் வேறு. இந்த இடைவெளியை அறியாமலே ஒருவர் கட்டணம் செலுத்திவிடக்கூடும்.

மறுபுறம், அதே 2022இன் நவம்பரில் பெரிய நிக்கோபார்த் துறைமுக, நகரியத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் ஒப்புதல் கிடைத்தது. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 8,000 பேர் வாழ்ந்த தீவில் 3.5 இலட்சம் பேர் வரை குடியேறக்கூடும் எனத் திட்டம் கணிக்கிறது. காட்டினுள் வாழும் ஷொம்பென் மக்கள் அந்தக் கணக்கெடுப்பில் 229 பேர். 1877இல் பெரிய அந்தமானியரிடையே தட்டம்மை புகுந்தபோது நிகழ்ந்த பேரழிவு நிர்வாகப் பதிவுகளில் இருக்கிறது. வரவிருக்கும் தொழிலாளர் முகாம்களுக்கும் ஷொம்பென் காட்டுக்கும் இடையே எந்த நோய் எவ்வழியில் நகரும், யாருக்கு எப்போது தடுப்பூசி என்பதைக் கப்பல்கள் வரும் முன்பே கணக்கிட வேண்டியிருக்கிறது. அதைச் செய்ய, தீவின் பருவமும் பாதையும் அறிந்த ஒருவர் தேவை.