கீழ்ப்பாக்கத்திலிருந்து வீடு திரும்புதல்

திருவல்லிக்கேணியில் ஆட்டோக்காரரிடம் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். கோஷா ஆஸ்பத்திரி என்றால் உடனே வண்டியைக் கிளப்புவார். பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறைப் பிரசவமும் அங்கேதான் நடந்தது என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் இந்தத் தெருக்களில் உண்டு. அதே வீடுகளில் கோபம் வந்தால் வேறொரு ஆஸ்பத்திரியின் ஊர் பெயர் வசவாக வரும்: "இவளைக் கீழ்ப்பாக்கத்துலதான் கொண்டு போய் விடணும்."

இந்த இரண்டு ஆஸ்பத்திரிகளும் சென்னையின் 19-ஆம் நூற்றாண்டு வரலாற்றைச் சேர்ந்தவை. பெண்களோடு அவை கொண்ட உறவு மட்டும் நேர் எதிரானது.

1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைப் படிக்கச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லிப். ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதற்கு இசையாமல் பெண்கள் வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்த காலம் அது. கோஷா முறையில் இருந்த முஸ்லிம் பெண்களுக்கும் சாதி இந்துப் பெண்களுக்கும் என்று 1885-இல் அவர் மருத்துவமனை தொடங்கினார். அது சாதியைக் கேள்வி கேட்கவில்லை. பெயரிலேயே சாதியைச் சுமந்துகொண்டிருந்தது. ஆனாலும் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டது. பெண்ணின் வாழ்க்கை நிலைமையைக் கணக்கில் எடுக்காத மருத்துவம் அவளுக்குப் பயன்படாது.

மனநலத்துக்கென்று இருந்த ஆஸ்பத்திரிக்கு இந்தப் புரிதல் வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் காப்பகத்தை வாலண்டைன் கானலி என்ற மருத்துவர் 1794-இல் தொடங்கினார். 1871-இல் அரசுக் காப்பகம் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணவனோ மனைவியோ வேறு உறவினரோ மனுக் கொடுத்து, மருத்துவச் சான்றுகள் இருந்தால், ஒருவரை அனுமதிக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். எழுத்தில் கணவனும் மனைவியும் சமம். ஆனால் வருமானமும் சொத்தும் கோர்ட் வாசல் ஏறும் பழக்கமும் யாரிடம் இருந்தன என்று நமக்குத் தெரியும்.

அன்றைய சிகிச்சை பெரும்பாலும் அடைத்து வைப்பதுதான். 1930-களில் இன்சுலின் கொடுத்து மயக்கத்தில் ஆழ்த்தும் முறையும், 1938-இல் மின் அதிர்வு சிகிச்சையும் ஐரோப்பாவில் தோன்றி உலகமெங்கும் பரவின. பெரிய திருப்பம் 1952-இல் வந்தது. குளோர்புரோமசின் என்ற மருந்து, மனச்சிதைவு நோயில் காதில் கேட்கும் குரல்களையும் பயத்தையும் தணித்தது. அதுவரை ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்க வேண்டியவர்கள் என்று கருதப்பட்டவர்கள் வீடு திரும்பக்கூடும் என்ற நிலை வந்தது.

ஆனால் எந்த வீட்டுக்கு?

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என அறியப்படும் சாரதா மேனன் 1959-இல் கீழ்ப்பாக்கத்தில் சேர்ந்தார். 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தார். புற நோயாளிகள் பிரிவை வளர்த்தார். மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் வரப் பாடுபட்டார். மாத்திரை அறிகுறிகளைத்தான் குறைக்கும். தூக்கம், வேலை, பேச்சு, உறவு என்று இழந்தவற்றைத் திரும்பக் கற்க உதவி வேண்டும் என்பது அவர் கொள்கை. ஓய்வுக்குப் பின் 1984-இல் மருத்துவர் தாராவுடனும் மற்றவர்களுடனும் சேர்ந்து ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். மருந்தோடு தொழிற்பயிற்சியும், நோயாளியின் குடும்பத்துக்கு நோயைப் புரியவைப்பதும் அங்கே சிகிச்சையின் பகுதிகளாயின.

மனச்சிதைவு நோயால் மணவாழ்வு முறிந்த சென்னைப் பெண்களைப் பற்றித் தாரா குழுவினர் 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கணவனிடமிருந்து பண உதவி எதுவும் இல்லை. 'மனநோய் வந்தவள்' என்பதைவிட 'கணவன் விட்டுப்போனவள்' என்பதே அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பெரிய அவமானமாக இருந்தது. நோயை மறைத்துத் திருமணம் செய்து வைப்பதற்கும், நோய் தெரிந்ததும் பெண்ணைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டுப் போவதற்கும் வேர் ஒன்றுதான்: மனைவி என்ற இடம் போனால் பெண்ணுக்கு வேறு இடம் இல்லை என்ற எண்ணம். அதற்கு மாத்திரை கிடையாது.

பிறந்த வீடும் கைவிட்டால் மிஞ்சுவது தெரு. 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் தெருவில் வாழும் மனநலம் குன்றிய பெண்களுக்காக 'பான்யன்' அமைப்பைத் தொடங்கினார்கள். குணமான பலரை அவர்களுடைய ஊர் தேடி, குடும்பத்தோடு சேர்த்து வைத்தார்கள். சேர்க்க முடியாதவர்கள் விடுதியிலேயே தங்கிப்போனார்கள். 2015 முதல் அவர்களில் நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்க வழி செய்யப்பட்டது. சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், சண்டை போட்டுச் சமாதானமாகிறார்கள். துணைக்கு ஒரு பணியாளர் இருக்கிறார். இதுவும் சிகிச்சைதான்.

2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. சட்டம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலேயே, குணமான பிறகும் போக்கிடம் இல்லாமல் உள்ளேயே இருந்தவர்களின் கதை இருக்கிறது.

எனவே மனநல சிகிச்சை என்றதும் மருந்தையும் கவுன்சலிங்கையும் மட்டும் எண்ணிப் பார்ப்பது போதாது. அவள் பெயரில் வாடகைக்கு வீடு கிடைக்குமா, கையில் சம்பளம் வருமா, தாலி இல்லாமலும் அவளை மனுஷியாக நடத்துவார்களா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். திருவல்லிக்கேணியில் வீடு தேடும் தனிப்பெண் எவருக்கும் இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. அடுத்த முறை யாராவது 'கீழ்ப்பாக்கம்' என்று வசவாகச் சொல்லும்போது, அங்கிருந்து குணமாகித் திரும்பும் பெண்ணுக்கு நம் தெருவில் ஒரு போர்ஷன் கொடுப்போமா என்று அவரிடம் கேட்டுப் பார்க்கலாம். நம்மிடமும்தான்.