ஃபின் டியூப்: புகைக்கும் தண்ணீருக்கும் நடுவே

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் என்றாலே பேண்டேஜ் துணிதான். தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பாக இருக்கும். மருத்துவமனைக்குப் போகுமுன் அதை வெளுக்க வேண்டும். வெளுப்பதற்கு நீராவி, நீராவிக்கு பாய்லர். பாய்லரில் தன் வேலையை முடித்துவிட்டு சிம்னிக்குக் கிளம்பும் புகை, அப்போதும் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டை வழிமறித்து, பாய்லருக்குள் போகவிருக்கும் தண்ணீருக்கு மாற்றித் தரும் கருவி எகனாமைசர். அதற்குள் அடுக்கடுக்காகக் கிடப்பது ஃபின் டியூப். இரும்புப் பட்டையைத் திருகுச் சுற்றாக உடம்பெங்கும் சுற்றிக்கொண்ட குழாய் அது.

அதன் மூதாதைக்கு ஃபின் கிடையாது. 1845இல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டைச் சேர்ந்த எட்வர்ட் கிரீன் காப்புரிமை வாங்கிய எகனாமைசரில் இருந்தவை வெறும் வார்ப்பிரும்புக் குழாய்கள். நிலக்கரிப் புகையின் கரி அவற்றின்மேல் ஓயாமல் படிந்தது. அதை வழிப்பதற்காக, குழாயைத் தழுவியபடி மேலும் கீழும் ஓடும் சுரண்டிகளைப் பொருத்தினார் கிரீன். சூட்டை வாங்குவதும் கரியைக் களைவதும் ஒரே வேலையின் இரு பாதி என்பதை அவர் கண்டுகொண்டார். பின்னால் வந்தவர்கள் பலர் முதல் பாதியோடு நின்றுவிட்டார்கள்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். தொழிலதிபர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் வந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. நாளடைவில் தமிழ்நாட்டு ஆலைகளில் கதிரைச் சுழற்றும் வேலை மின்சாரத்தின் பொறுப்பாயிற்று. கஞ்சி போடுவது, வெளுப்பது, சாயம் ஏற்றுவது ஆகியவை நீராவியிடமே தங்கின. 1965இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு திருச்சி திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்த பாய்லர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும், பெரிய பாய்லர் கட்டும் தொழில் தமிழ்நாட்டிலேயே வேரூன்றியது.

ஃபின் டியூப் பிறக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். குழாய் சுழன்றபடி முன்னே நகரும். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள பட்டை நெட்டுக்குத்தாக நின்று அதன்மேல் சுற்றிக்கொண்டே வரும். இரண்டும் தொடும் புள்ளியில் உயர் அதிர்வெண் மின்சாரம் பாய்ந்து இரும்பை இளக்கி ஒட்டிவிடும். அந்த வேர் விட்டு விட்டு ஒட்டியிருந்தால் ஃபின் சூடாகும், குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் சூடாகாது. 51 மி.மீ. குழாயில் 19 மி.மீ. உயரமுள்ள ஃபின்னை மீட்டருக்கு 120 சுற்று சுற்றினால், வெளிப்பரப்பு ஏழு மடங்குக்கு மேல் பெருகும். பலன் அந்த அளவு பெருகாது. வேரிலிருந்து நுனிக்குப் போகப் போக ஃபின்னின் வெப்பநிலை புகையின் வெப்பநிலையை நெருங்கிவிடுவதால், நுனி வாங்கும் சூடு குறைவு. சாதாரண எஃகில் ஏறக்குறைய முக்கால் பங்கு பரப்பு வேலை செய்கிறது என்று கொள்ளலாம். துருப்பிடிக்காத எஃகு சூட்டைக் கடத்துவதில் மந்தம். அதில் இன்னும் குறையும்.

ஃபின்னை வெளியே வைப்பது ஏன்? பக்கத்தில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்பில் இதற்கு விடை இருக்கிறது. பால் சுண்டச் சுண்ட, சட்டியை ஒட்டிய படலம் கெட்டியாகி சூட்டை மறிக்கிறது. தடை பாலின் பக்கம் இருப்பதால் பரிகாரமும் அங்கேதான்: கை ஓயாமல் கிண்ட வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்தின் பக்குவத்தில் இந்த உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. எகனாமைசரில் நிலைமை நேர் எதிர். குழாய்க்குள் ஓடும் தண்ணீர் சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். புகை கொடுப்பதில்தான் சுணக்கம். ஒரே பரப்பில் தண்ணீர்ப் பக்கம் ஆயிரக்கணக்கில் வரும் வெப்பப் பரிமாற்றக் கெழு, புகைப் பக்கம் 50ஐ ஒட்டி நிற்கும். எந்தப் பக்கம் நொண்டுகிறதோ அந்தப் பக்கம்தான் பரப்பைக் கூட்ட வேண்டும்.

பிறந்த குழாய் எந்த ஊருக்கு வாழ்க்கைப்படுகிறது என்பதைப் பொறுத்தது அதன் விதி. ராமநாதபுரம் மாவட்டத்து வழுதூர் எரிவாயு மின்நிலையம் போன்ற இடங்களில் டர்பைனிலிருந்து வரும் வாயு சுத்தமானது. அங்கே ஃபின்களை நெருக்கி வைக்கலாம். அவற்றை ரம்பப் பல் போலக் கீறிவிட்டால் இன்னும் நல்லது. ஒவ்வொரு பல்லின் விளிம்பிலும் வாயுவின் ஒட்டுப் படலம் அறுந்து புதிதாகத் தொடங்குவதால் சூடு கூடுதலாக ஏறும்.

அதே குழாயை விறகு எரிக்கும் பாய்லரில் மாட்டினால் கதை கெடும். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. சூட்டில் அது பிசுபிசுத்து ஒட்டும். ஃபின்களுக்கு நடுவே உள்ள ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் இடைவெளியைச் சாம்பல் அடைத்துவிட்டால், ஏழு மடங்குப் பரப்பு காகிதத்தில் மட்டுமே இருக்கும். புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேன் திணறும், மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். அதனால் இங்கே ஃபின்களை இடைவெளி விட்டுச் சுற்றுவதும், பல் கீறாமல் விடுவதும், சில சமயம் ஃபின்னே இல்லாத குழாயைப் போடுவதும் புத்திசாலித்தனம். அடுக்குவதிலும் இதே கணக்குதான். ஒன்று விட்டு ஒன்று தள்ளி அடுக்கினால் புகை முட்டி மோதிச் சூட்டை நன்றாகக் கொடுக்கும், ஆனால் தடை கூடும்; சாம்பலை ஊதி அகற்றும் சூட் புளோயரின் பீச்சலும் உள்வரிசைக்கு எட்டாது. நேர்வரிசையில் சூடு கொஞ்சம் குறைந்தாலும் சாம்பலை ஊதித் தள்ள வழி இருக்கும்.

இன்னொரு கசிவு கண்ணில் படாமல் நடக்கும். எகனாமைசர்ப் பெட்டியின் சுவருக்கும் கடைசிக் குழாய்க்கும் நடுவே சந்து இருந்தால், தடை குறைந்த அந்த வழியில் புகை சூடு குறையாமல் நழுவிவிடும். ஒரு தகட்டை வைத்துச் சந்தை மறைப்பது புதுக் குழாய் வாங்குவதைவிட மலிவு. புகை வரும் டக்ட் சட்டென்று திரும்பும் இடத்தில் வழிகாட்டித் தகடுகள் வைத்தால், ஒரு பக்கமே பாயும் புகை எல்லா வரிசைக்கும் பரவும்.

சிம்னிக்குப் போகும் புகை ஏறத்தாழ 22 டிகிரி தணிந்தால் பாய்லர் திறன் 1 சதவீதம் உயரும் என்பது பாய்லர் வீட்டுக் கணக்கு. கந்தகமுள்ள எரிபொருள் என்றால் அளவோடு நிறுத்த வேண்டும்; மிகவும் குளிர்ந்தால் அமிலம் படிந்து குழாயை அரிக்கும். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் உள்ளேயிருந்து குழி பறிக்கும். இவற்றுக்கு நடுவே ஒரு ஃபின் டியூபின் புகைப் பக்க நலத்தை அறிய இரண்டு அளவிகள் போதும்: எகனாமைசரைத் தாண்டிய புகையின் வெப்பநிலை, அதற்கு முன்னும் பின்னும் உள்ள இழுவை வித்தியாசம். பாய்லரின் சுமை மாறாமல் இரண்டும் சேர்ந்து ஏறினால் சாம்பல் அடைத்திருக்கிறது; வெப்பநிலை ஏறி இழுவை வித்தியாசம் குறைந்தால் புகை வேறு வழி கண்டுபிடித்துவிட்டது. முதல் நோய்க்குத் துப்புரவு, இரண்டாவதற்குத் தகடு. இரண்டுக்கும் முன்பே இன்னும் ஃபின் சேர்க்கக் கிளம்புகிறவர், அடைத்துக்கொள்ளச் சாம்பலுக்குப் புது இடம் வாங்கித் தருகிறார்.