தூண்டிலில் பிடித்த மீன்: திரும்ப விடுவதா, வீட்டுக்குக் கொண்டுவருவதா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஆற்றங்கரையிலும் கடலோரப் பாறைகளிலும் தூண்டிலோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். விரல் நீளம்கூட இல்லாத ஒரு கெண்டை மாட்டியதும், "வாப்பா, இதை விட்டுடவா?" என்று பிள்ளை கேட்கும். "பாவம், விட்டுவிடு" என்று சொல்பவர்களும் உண்டு; "பிடித்ததை ஏன் விட வேண்டும், ராத்திரி ஆணத்துக்கு ஆகுமே" என்பவர்களும் உண்டு.

இரண்டில் எது சரி என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. எந்த மீன், எந்த நீர்நிலை, எந்த நோக்கம் என்ற மூன்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பல நாடுகள் இதற்குச் சட்டமே போட்டிருக்கின்றன. அந்தச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருப்பது கவனிக்கத்தக்கது.

நாட்டுக்கு நாடு வேறு சட்டம்

ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நியாயமான காரணமின்றி எந்த விலங்குக்கும் வலியோ துன்பமோ தரக்கூடாது. உணவுக்காக மீன் பிடிப்பது நியாயமான காரணமாக ஏற்கப்படுகிறது. பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுவதற்காகவே தூண்டில் போடுவது அப்படி ஏற்கப்படுவதில்லை. சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த விதிகளும், விட்டுவிடும் எண்ணத்துடனேயே மீன் பிடிப்பதைத் தடை செய்கின்றன. அவர்கள் பார்வையில் 'விளையாட்டுக்குப் பிடித்து விடுவது' கருணையே அல்ல; அது தேவையற்ற துன்பம்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் நிலைமை வேறு. அங்குள்ள ஏரியின் பூர்விக மீனான கட்த்ரோட் ட்ரவுட் தூண்டிலில் சிக்கினால் உயிரோடு திரும்ப விட்டே ஆக வேண்டும். அதே ஏரியில், வெளியிலிருந்து வந்து 1994-இல் கண்டறியப்பட்ட லேக் ட்ரவுட் சிக்கினால் அதைக் கொன்றே ஆக வேண்டும். காரணம், அது பூர்விக மீனைத் தின்று அழிக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், நம் ஊர்க் குளங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டையை (திலாப்பியா) வேண்டாத அயல் மீனாக அறிவித்திருக்கிறார்கள். சிக்கினால் திரும்ப விடக் கூடாது. கொன்றுவிட வேண்டும்.

ஆக, 'விடுவது நல்லது' என்பதும் 'தின்பது நல்லது' என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதிகள் அல்ல.

விடப்பட்ட மீன் பிழைக்குமா?

நீந்திப் போய்விட்டது என்பதாலேயே மீன் பிழைத்துவிட்டது என்று நினைப்பது தவறு. பல மீன்கள் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துச் சாகின்றன. அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதுபற்றிய 274 மதிப்பீடுகளைத் தொகுத்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, விடப்பட்ட மீன்களின் இறப்பு சராசரியாக 18 சதவீதம் என்று கூறுகிறது. சில வகைகளில் இறப்பு மிகவும் குறைவு, சிலவற்றில் மிக அதிகம்.

சாவுக்கு முக்கியக் காரணங்கள் நான்கு.

கொக்கி மாட்டிய இடம்: உதட்டில் மாட்டினால் பெரும்பாலும் பிழைக்கும். தொண்டையிலோ செவுளிலோ மாட்டினால் பிழைப்பது அரிது.

காற்றில் வைத்திருந்த நேரம்: ரெயின்போ ட்ரவுட் மீன்களை வைத்து 1992-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. களைக்கும்வரை போராடவிட்டு உடனே நீரில் விட்ட மீன்களில் 12 சதவீதம் இறந்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதமும், 60 விநாடி வைத்தவற்றில் 72 சதவீதமும் இறந்தன. கையில் பிடித்து நான்கு படம் எடுக்கும் நேரம்தான் அந்த ஒரு நிமிடம்.

நீரின் சூடு: கோடையில் நீர் சூடாகும்போது அதில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் குறைகிறது. போராடிக் களைத்த மீன் அதில் மீண்டெழுவது கடினம்.

ஆழம்: ஆழ்கடலிலிருந்து வேகமாக இழுக்கப்படும் களவா போன்ற மீன்களின் காற்றுப்பை உப்பிவிடும். இரைப்பை வாய்வழியே பிதுங்கும். அப்படியே விட்டால் அந்த மீனால் கீழே இறங்க முடியாது; மேலேயே மிதந்து சாகும், அல்லது பறவைக்கு இரையாகும்.

மீனுக்கு வலிக்குமா என்பதில் அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ட்ரவுட் மீனின் முகத்திலும் உதட்டிலும் காயத்தை உணரும் நரம்புகள் இருப்பதைக் காட்டியது. உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் கூழாங்கற்களில் வாயைத் தேய்த்தன, நெடுநேரம் இரை எடுக்கவில்லை. மனிதன் உணர்வதுபோன்ற வலி அது அல்ல என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

காவிரி சொல்லும் பாடம்

காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டுமே வாழும் திமில் மஹ்சீர், உலகின் மிகப் பெரிய கெண்டை இன மீன்களில் ஒன்று. 1946-இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 54 கிலோ எடையுள்ள மஹ்சீர் தூண்டிலில் பிடிபட்டது.

பின்னாட்களில் வெடி வைத்து மீன் பிடிப்பது இந்த இனத்தை அழிக்கத் தொடங்கியது. கர்நாடகத்தின் பீமேஸ்வரி, காலிபோர் பகுதிகளில் 'பிடித்துவிட்டு விடும்' முகாம்கள் அமைந்தன. தூண்டில்காரர்கள் கட்டணம் செலுத்தினார்கள், உள்ளூர்வாசிகளுக்கு வழிகாட்டி வேலை கிடைத்தது, வெடிக்காரர்கள் மீது கண்காணிப்பும் இருந்தது. சரணாலயத்துக்குள் மீன் பிடிப்பதும் வேட்டையே என்ற சட்ட நிலைப்பாட்டால் பின்னர் அது நிறுத்தப்பட்டது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு பகுதி உண்டு. மஹ்சீரைப் பெருக்கும் நல்லெண்ணத்தில், பண்ணையில் வளர்த்த வேறோர் இனமான நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. 1998 முதல் 2012 வரை முகாமில் பிடித்து விடப்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மஹ்சீர்களின் பதிவேட்டை ஆய்வாளர்கள் பரிசீலித்தபோது, நீலத்துடுப்பு மீன் பெருகியதும் திமில் மஹ்சீர் அருகிப்போனதும் தெரியவந்தது. 2018-இல் திமில் மஹ்சீர் மிக அருகிய, அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

பிடித்த மீனை விட்டதால் மட்டும் அந்த இனம் காப்பாற்றப்படவில்லை. ஆனால் அது அழிந்துவருகிறது என்பதற்குச் சான்றாக அமைந்தது அந்தத் தூண்டில்காரர்களின் பதிவேடுதான்.

எந்த அளவு மீனை எடுக்கலாம்?

சின்னதை விட்டுப் பெரியதை எடு என்பது நம் வழக்கம். சின்னதை விடுவது சரி. அது ஒருமுறையாவது முட்டையிட வேண்டும். ஆனால் மிகப் பெரியதை எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். 30 கிலோ எடையுள்ள ஒரு காட் மீன் இடும் முட்டைகள், 2 கிலோ எடையுள்ள 28 மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகம் என்று 2018-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

நம் கொடுவா மீன் முதலில் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் பெண்களே. அதனால்தான் குயின்ஸ்லாந்தில் 58 செ.மீ.க்குக் குறைந்த கொடுவாவையும், 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் விட்டுவிட வேண்டும் என்று சட்டம் உள்ளது. இடைப்பட்டது உணவுக்கு.

மார்க்கம் காட்டும் எல்லை

கடல் வேட்டையும் அதன் உணவும் நமக்கு ஆகுமாக்கப்பட்டவை. மீனை அறுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் உயிருள்ள ஒன்றை இலக்காக வைத்து விளையாடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். உண்ணும் தேவையோ பயனோ இல்லாமல், வெறும் கேளிக்கைக்காக வேட்டையாடுவதை அறிஞர்கள் பலர் வெறுக்கத்தக்கதாகவே சொல்லியிருக்கிறார்கள். எனவே நோக்கமே முதல் கேள்வி. உண்பதற்காகத் தூண்டில் போட்டு, குஞ்சு மீனோ தடை செய்யப்பட்ட மீனோ சிக்கியதால் அதை விடுவது ஒன்று. நாள் முழுக்கப் பிடித்துப் பிடித்து விடுவதையே பொழுதுபோக்காக்குவது வேறொன்று.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. போகும் இடத்தின் விதியை முதலில் கேட்டறியுங்கள். சரணாலயத்தில் தூண்டில் போடாதீர்கள்.

2. வீட்டுக்கு எத்தனை மீன் வேண்டும் என்று முன்பே முடிவு செய்யுங்கள். அது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டுங்கள்.

3. கொக்கியின் பின்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். வேண்டாத மீனை எளிதாகக் கழற்றலாம்.

4. விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கையும் சுடுமணலும் மீனின் மேலுள்ள வழுவழுப்பான படலத்தை உரித்துவிடும். முடிந்தவரை நீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றுங்கள்.

5. கொக்கியை விழுங்கிய மீன், ரத்தம் வடியும் மீன் ஆகியவை உண்ணத்தக்கவையாகவும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டவையாகவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டாலும் பெரும்பாலும் வீணாகவே சாகும்.

6. எடுக்கும் மீனைத் துடிக்க விடாதீர்கள். தலையில் ஓங்கி ஒரே அடி கொடுத்து உடனே பனிக்கட்டியில் வையுங்கள். மீனுக்கும் வேதனை குறையும், சதையும் கெடாமல் இருக்கும்.

7. ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்ற அயல் மீன்களை ஒரு குளத்தில் பிடித்து இன்னொரு குளத்தில் விடாதீர்கள். வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீனையும் ஏரியில் விடாதீர்கள்.

"விட்டுடவா?" என்று பிள்ளை கேட்கும்போது, 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இது குஞ்சா, முட்டை சுமக்கும் தாயா, நம் வீட்டுத் தேவைக்கு உள்ளதா என்று கூடவே நின்று பார்க்கச் சொல்லுங்கள். உணவை வீணாக்கக் கூடாது, உயிரை விளையாட்டுப் பொருளாக்கவும் கூடாது என்ற இரண்டையும் அந்தக் கரையிலேயே பிள்ளை கற்றுக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.