வளையமும் கம்பியும்

வட இந்திய நகரங்களில் குடியிருக்கும் நம்ம ஜனங்களுக்கு டி.டி.எஸ். மீட்டரை அறிமுகம் செய்யவே வேண்டாம். ஆர்.ஓ. மாட்ட வருபவர் தண்ணீரில் முக்கி, "தேக்கியே சார், 800!" என்று பயமுறுத்துவாரே, அதேதான். அது பார்ப்பது மின்கடத்தலை மட்டும். உப்பு எவ்வளவு என்று சுமாராகச் சொல்லும். சோடியமா, பொட்டாசியமா, ஃப்ளோரைடா என்று கேட்டால் முழிக்கும். அயனியை ஆள் பார்த்து அடையாளம் சொல்லக்கூடிய பிளாஸ்டிக் ஒன்று உண்டு. அதன் கதை இது.

1967-ல் டோக்கியோவில் ஷிரகாவாவின் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் வினையூக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டார். கிடைத்தது வெள்ளிபோல் மின்னும் பாலிஅசிட்டிலீன் படலம். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் சங்கிலி. 1977-ல் பென்சில்வேனியாவில் மெக்டயர்மிட், ஹீகருடன் சேர்ந்து அதற்கு அயோடின் காட்டியதும் மின்கடத்தல் கோடி மடங்கு ஏறியது. மூவருக்கும் 2000-ல் நோபல்.

அதே 1967-ல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் பெடர்சன், கிரவுன் ஈதர் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். வேறெதையோ தயாரிக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்த கொஞ்சூண்டு வெள்ளைப் படிகம்தான் ஆரம்பம். மூலக்கூறு வளையம், நடுவில் பொட்டாசியம் அயனி கச்சிதமாக உட்காரும். வளையத்தின் அளவை மாற்றினால் உட்காரும் ஆளும் மாறுவார். மனிதர் பி.எச்.டி. கூட முடிக்காதவர். 1987-ல் நோபல் வாங்கினார் :-)

வளையத்தையும் கம்பியையும் 1993-ல் சேர்த்தவர்கள் மார்செல்லாவும் ஸ்வேகரும். அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில்! பாலிதயோஃபீன் சங்கிலியில் கிரவுன் ஈதரைக் கோத்தார்கள். அயனி வந்து உட்கார்ந்ததும் சங்கிலி முறுக்கிக்கொள்ளும், எலக்ட்ரான் ஓட்டம் தடைப்படும், நிறம் மாறும்.

1995-ல் ஸ்வேகர் இன்னொரு படி போனார். திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் அணையும் இல்லையா? ஒளிரும் பாலிமர் சங்கிலியிலும் அப்படித்தான். பாராகுவாட் களைக்கொல்லியின் அயனி ஒரே ஒரு இடத்தில் ஒட்டினால் போதும், சங்கிலியில் பெரும்பகுதி மங்கிவிடும். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். இதே உத்தி 1998-ல் டி.என்.டி. ஆவியை மோப்பம் பிடிக்கப் போனது. ஃபிடோ என்ற கருவியாகி ஈராக்கில் அமெரிக்க ராணுவம் வரை எட்டியது. தண்ணீர்ப் பக்கம் அத்தனை வேகம் இல்லை. ராணுவக் காசு மட்டும் காரணமில்லை. தண்ணீரில் அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் இறுக்கி உட்கார்ந்திருக்கும். அவற்றை விலக்கி வளையத்துக்குள் இழுப்பது பெரிய பாடு. 1993 சோதனையே கரிமக் கரைப்பானில்தான் நடந்தது. நீரில் கரையும் பாலிமர் செய்து பாதரச அயனியைப் பிடித்துக் காட்டிய ஆய்வுகள் 2000-க்குப் பிறகு நிறைய வந்தன. பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தோடு சரி.