யவன மது வந்த வழியில் இரண்டு நாள்

போன மாதம் நானும் வீட்டம்மாவும் ஒரகடத்திலிருந்து அரிக்கமேடு வரை காரில் போய் வந்தோம். புதுச்சேரிப் பக்கம் என்றதும் சிரிக்கும் கடைசி பெஞ்சு நண்பர்களே, நாங்கள் தேடிப் போனதும் மதுவைத்தான். என்ன, அது இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே குடித்துத் தீர்ந்துவிட்டது. சாடியின் ஓடுகள்தான் மிச்சம்.

ஒரகடம் என்றால் உங்களில் பலருக்கு ஷிப்டு பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும்தான் ஞாபகம் வரும். அதன் பக்கத்தில் வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. பல்லாயிரம் ஆண்டுப் பழமையான கல்லாயுதங்கள் கிடைத்தன. கூடவே ரோமானிய மதுச்சாடி ஓடுகளும் கிடைத்தன. ஆம்போரா என்பார்கள். இரண்டு கைப்பிடி, ஒடுங்கிய கழுத்து, கூம்பிய அடி. தரையில் நிற்காது, கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி அடுக்குவதற்காகவே அப்படிச் செய்தார்கள். மது கசியாமலிருக்க உள்ளே பிசின் பூசுவார்கள். ஏற்றுமதிக் கார்கள் கிளம்பும் மண்ணுக்கு அன்றைக்கு இறக்குமதிச் சரக்கு வந்திருக்கிறது!

கடல் கண்ணுக்கெட்டாத இந்த இடத்துக்கு அது எப்படி வந்தது? சிங்கப்பெருமாள்கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் தாண்டி, பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் போனோம். அங்கே வசவசமுத்திரம் இருக்கிறது. 1970-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது உறைகிணறுகளும் கூம்பு வடிவச் சாடிகளின் ஓடுகளும் வெளிப்பட்டன. முகத்துவாரத்தில் இறங்கிய சரக்கு ஆற்றை ஒட்டியே உள்நாட்டுக்கு ஏறியிருக்கும் என்பது என் ஊகம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கூம்பு அடியென்றால் எல்லாமே ரோமாபுரி அல்ல. முன்பு ரோமானியச் சாடி என்று எழுதிவைத்த பலவும் கீல் பூசிய மெசொப்பொத்தேமியச் சாடிகள் என்று ஆய்வாளர்கள் பின்னர் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை. ஆலம்பரைக் கோட்டை, மரக்காணம் உப்பளம் என்று வீட்டம்மா நிறுத்தச் சொன்ன இடமெல்லாம் நிறுத்தினேன். அவ்வளவு அழகு.

அரிக்கமேட்டின் கதையை வகுப்பில் இரண்டே வரியில் முடித்திருப்பேன். பாடப்புத்தகத்தில் அவ்வளவுதான் இடம். 1944-ல் தொல்லியல் துறைத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், எழும்பூர் அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் சாடிக் கழுத்து ஒன்றைக் கண்டார். மத்தியதரைக்கடல் பகுதிச் சாடி என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கே கிடைத்தது என்று விசாரித்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனார். மறு வருஷமே அரிக்கமேட்டில் அகழாய்வு. அங்கே கிடைத்த சாடிகளில் பல, கிரேக்கத் தீவான கோஸின் மதுவுக்கு உரியவை. அந்த ஊர் மதுவில் கடல்நீர் கலப்பார்கள், கெடாமல் இருக்குமாம். உப்புக் கரிக்கும் அந்த மதுவை நம்மவர்கள் எப்படிக் குடித்தார்களோ! ஆனால் ருசித்துத்தான் குடித்திருக்கிறார்கள். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பெண்கள் பொற்கலத்தில் ஏந்தித் தர, அதைப் பருகி மகிழ்ந்திருக்கும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் புறநானூற்றில் வாழ்த்துகிறார்.

இன்று அரிக்கமேட்டில் ஆற்றங்கரைத் தோப்பும் செங்கல் சுவர்களும்தான். அந்தச் சுவர்கூட ரோமானியருடையது அல்ல; 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டியது. ஆனாலும் அது தொல்லியல் இடமென்று பெயராவது பெற்றுவிட்டது. நம் ஒரகடம் பக்கம் அப்படியில்லை. வடக்குப்பட்டில் தோண்டினார்கள், தெரிந்தது. மற்ற ஊர்களில் தோண்டுவது ஜே.சி.பி.தான்.

அங்கே வேலை பார்க்கும், மனை வாங்கும், காண்டிராக்ட் எடுக்கும் என் மாணவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். அஸ்திவாரம் தோண்டும்போது கூம்பிய அடியோ, தடித்த கைப்பிடியோ, வளையம் வளையமாக அடுக்கிய உறைகிணறோ தட்டுப்பட்டால் வேலையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ஓட்டைக் கழுவ வேண்டாம். கிடந்த இடத்திலேயே, எவ்வளவு ஆழம் என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ எழுத்தில் கொடுங்கள். எனக்கும் ஒரு போன் போடுங்கள். கார் இருக்கிறது, வீட்டம்மாவும் தயார்.